அனீசியோ மாமாவின் மூக்கை அளந்த விதம்

ஜுயிஸ் தெ ஃபோரா
ஜூன் 19

பார்பசேனாவில் தங்கியிருக்கும் மதிப்புக்குரிய ஒலிம்பியா அத்தைக்கு,

இல்லை, அத்தை, ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. ஒரு துளைக்கு ஓர் எண் என்று இரண்டாகக்கூடச் சொல்ல முடியாது. முயன்றேன். ஐந்து வாரமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

முதலில் ஆசி கேட்டிருக்க வேண்டும். கேட்கிறேன். ஆசி கொடுங்கள், அத்தை. சேலியா சின்னத்தையிடமும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால், அவருடைய ரோஜாச் செடிகள், கோழிகள், அங்கே விழும் பனி எல்லாம் நலம்தானே. நான் நலம். உங்கள் தம்பியும் நலம். அப்பாவுக்கு இருமல் மட்டும் இருக்கிறது. மாமா நலமா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தொலைபேசியில் சொல்ல வந்தேன். நீங்கள் விடவில்லை. "ஃபோன்ல யாரு வேணா என்ன வேணா சொல்லுவாங்க. தாள்ல எழுது. கையெழுத்துப் போடு. உங்க ப்ரொஃபசர் முத்திரையும் வேணும்" என்றீர்கள். முப்பத்தொரு வருடம் நோட்டரி அலுவலகத்தில் மற்றவர்களின் கையெழுத்தைச் சரிபார்த்தவர் நீங்கள். உங்கள் கல்யாணச் சான்றிதழில் மாமாவின் கையெழுத்தையே ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள் என்று அப்பா சொல்வார். எனவே எழுதுகிறேன். உள்ளே முத்திரையோடு ஓர் அறிக்கையும் இருக்கிறது. ஆனால் அறிக்கையை முதலில் படிக்காதீர்கள். அது அரைப் பக்கம்தான். நடந்தது அரைப் பக்கத்தில் அடங்காது.

நீங்கள் கிளம்பிய காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கேட்டருகில் நின்றீர்கள். உங்கள் பெட்டி என் கையில். மாமா படியில், பைஜாமாவில்.

"மூக்கு நெஜமாவே அடைச்சிருந்தா அது நோய். நோயை நான் மன்னிப்பேன். அடைப்பே இல்லாம ஒரு மனுஷன் இருபத்தொம்பது வருஷம் இப்படிக் குறட்டை விட்டா அது திமிரு. திமிருக்கு மன்னிப்பு கிடையாது. இவ மெஷின் சொல்லட்டும். நோய்னு சொன்னா அடுத்த பஸ்ல வரேன்."

"மெஷின் சொல்லட்டும்" என்றார் மாமாவும். மீசையைத் தடவிக்கொண்டார்.

'இவ' என்றது என்னை. அப்படித்தான் உங்கள் திருமணத்துக்கு நான் நீதிபதியானேன். எனக்கு இருபத்துநான்கு வயது. முதுகலை ஆய்வு இன்னும் முடியவில்லை. ஆய்வின் பொருள், மூக்கில் ஓடும் காற்றை அளக்கும் கருவிகளை எவ்வளவு நம்பலாம் என்பது. பதில் தெரிந்திருந்தால் ஆய்வே வேண்டியதில்லை. இதை அன்று கேட்டருகில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெட்டி கனமாக இருந்தது.

*

முதல் நாள் மாமா கிளினிக்குக்கு வந்த கோலம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பாலிஷ் போட்ட ஷூ. வழித்த கன்னம். மீசை நுனியில் ஏதோ எண்ணெய். கொலோன் வாசனை அவருக்கு முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

"என்ன மாமா, போட்டோ எடுக்கப் போறாங்களா?"

"டாக்டரைப் பாக்கப் போறம்மா. டெப்போவுக்கா போறேன்?"

முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். மருத்துவர் முன்னால் மட்டும் பயணியைப் போல உட்கார்வார், முழங்கால்களைச் சேர்த்து. படிவத்தை நிரப்பினேன். ஒவ்வாமை? இல்லை. அடிபட்டதுண்டா? ஒருமுறை, பேருந்துக் கதவில். மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா? "ஒண்ணும் கிடையாது. நான் மருந்து சாப்பிடற ஆளா?" எழுதிக்கொண்டேன். இல்லை. இந்த 'இல்லை'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அத்தை. நான் வைத்துக்கொள்ளவில்லை.

பேராசிரியர் தியோபால்டோ எப்போதும் கண்ணாடியில்தான் தொடங்குவார். உண்மையில் கண்ணாடி இல்லை. பளபளவென்று தேய்த்த உலோகத் தகடு, மேலே மில்லிமீட்டர் கோடுகள். மூக்குக்குக் கீழே பிடித்தால் மூச்சு பட்டு இரண்டு பக்கமும் பனி படியும். பனி எவ்வளவு தூரம் படிகிறதோ அவ்வளவு காற்று. பேனாவால் சுற்றிலும் கோடு போட்டு எண்ண வேண்டும். நூறு வருடத்துப் பழைய முறை. மின்சாரம் வேண்டாம்.

இடது பக்கம் நான்கு கோடு. வலது பக்கம் ஒன்பது.

இடது அடைத்திருக்கிறது! உங்களுக்கு உடனே தந்தி அடிக்கலாம் போல இருந்தது. மதியம் சோறு, பீன்ஸ், வறுத்த கீரை சாப்பிட்டு வந்ததும், உறுதி செய்ய, இன்னொரு தடவை பிடித்தேன்.

இடது எட்டு. வலது ஐந்து.

"காலையில இடது கெட்டுப்போச்சுன்ன. இப்ப வலதா? என் மூக்கு ஷிஃப்ட் போட்டு வேலை செய்யுதா?"

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "ஆமா அனீசியோ ஐயா. ஷிஃப்ட்தான். எல்லாருக்கும் அப்படித்தான். சில மணி நேரம் ஒரு பக்கம் வீங்கி ஓய்வெடுக்கும், மறுபக்கம் ஓட்டும். அப்புறம் மாத்திக்கும்."

மாமாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "ஒரு வண்டி, ரெண்டு டிரைவர். சரியான ஏற்பாடு. ஓவர்டைம் உண்டா?"

நான் தகட்டைத் துடைத்தேன். தகடு குளிர்ந்திருந்தால் பனி அதிகம். அறை சூடாக இருந்தால் குறைவு. நான் சற்றுக் கீழே பிடித்தால் குறைவு. மாமா வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் பனி தகடு முழுக்க. அவர் வாயைத் திறக்காமல் இருந்ததே இல்லை. உங்களுக்குத் தெரியாததா.

*

அடுத்தது முகமூடி. முனையில் ஒரு குழாய், குழாயில் ஒரு சிவப்பு ஊசி. வாயை மூடி, மூக்கால் ஒரே வீச்சில் உள்ளே இழுக்க வேண்டும். ஊசி எங்கே நிற்கிறதோ அதுதான் எண். மூன்று முறை இழுத்து உயர்ந்ததை எழுதுவது வழக்கம். மாமா தொண்ணூற்றைந்து இழுத்தார். பிறகு நூற்றுப்பத்து. பிறகு நூற்று முப்பது. மூக்கு சில நிமிடத்தில் திறந்துகொள்ளவில்லை, அத்தை. எப்படி இழுப்பது என்று கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். அதோடு விட்டிருந்தால் நூற்று முப்பது என்று எழுதி முடித்திருப்பேன், ஆனால் அந்த நேரம் பார்த்து வாசல் காவலாளி ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தார், இது என்ன ஊதற சாமானா என்று கேட்டார், ஊதற சாமான் இல்லப்பா இழுக்கற சாமான் என்று மாமா விளக்கினார், காவலாளி சும்மா ஒருமுறை இழுத்துப் பார்த்தார், ஊசி நூற்றெழுபதில் போய் நின்றது, மாமாவின் முகம் மாறியது, "அவன் வயசென்ன?" என்று என்னைக் கேட்டார், இருபத்தாறு என்றேன், "என் இருபத்தாறுல இந்தக் குழாயே வந்து என் மூக்குல ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார், காப்பியை ஒரே மடக்கில் குடித்தார், சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார், நான் தடுப்பதற்குள் நான்கு முறை இழுத்தார், ஐந்தாவது முறை மூக்கின் பக்கச் சுவர்கள் இரண்டும் உறிஞ்சப்பட்டு மூடிக்கொண்டன, எண் எண்பதுக்கு இறங்கியது, ஆறாவது முறை நூற்றைம்பது வந்தது, தலை சுற்றி நாற்காலியில் சாய்ந்தார், காவலாளி தொப்பியைக் கழற்றி விசிறினார், இருவரும் அன்றிலிருந்து நண்பர்கள்.

நூற்றைம்பது. எழுதினேன். ஆனால் அளந்தது மூக்கையா, ரோஷத்தையா?

அடுத்த நாள் காவலாளி விடுப்பு. மாமா நூற்றுப்பதினைந்து.

*

மூன்றாவது கருவி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதற்குத் தனி அறை, தனிச் சாவி. ஒரு துளைக்குள் மெல்லிய குழாயை வைத்து நாடாவால் ஒட்டி, மற்றொரு துளை வழியாக முகமூடிக்குள் மூச்சுவிட வேண்டும். எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு காற்று ஓடுகிறது என்று திரையில் வளைகோடு வரும். அழகான கோடு. நான் இந்தத் துறைக்கு வந்ததே அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். யாரிடமும் சொன்னதில்லை.

தினமும் காலையில் அதைச் சரிபார்க்க ஒரு பிளாஸ்டிக் மூக்கு இருக்கிறது. அதன் எண் என்றும் மாறாது. மாமா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தும்முமா?"

"இல்ல மாமா."

"சளி பிடிக்குமா?"

"இல்ல."

"குறட்டை?"

"இல்ல."

"இதை உன் அத்தைக்குக் கட்டிவெச்சிருக்கலாம்."

பிளாஸ்டிக் மூக்குக்குப் பிறகு என் மூக்கு. ஒப்பிடுவதற்காக, தினமும். என்னுடையதும் ஆடாது அசையாது ஒரே எண்ணில் நிற்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிறகு மாமா. அங்கேதான் மீசை குறுக்கே வந்தது. முகமூடி மீசை மேல் உட்காரவில்லை. காற்று கசிந்தது. கோடு நடுங்கியது. பேராசிரியர் மிகுந்த மரியாதையோடு, "ஐயா, அறிவியலுக்காக, ஒரு ரெண்டு வாரத்துக்கு மட்டும்..." என்று தொடங்கினார்.

"மாட்டேன்."

"திரும்ப வளந்துடும் ஐயா."

"டாக்டர், வீட்ல பொண்டாட்டி இல்ல. மீசையும் போச்சுன்னா கண்ணாடில யாரைப் பாத்துப் பேசுவேன்?"

வாஸலின் பூசினோம். நிறைய. கசிவு நின்றது. அரைமணி நேரம் அசையாமல் உட்காரச் சொன்னோம். வெளியிலிருந்து வந்தவுடன் அளக்கக்கூடாது, மூக்கு அறைக்குப் பழக வேண்டும் என்பது விதி. உட்கார்ந்தார். அளந்தோம். திங்கள், புதன், வெள்ளி. காலையும் மாலையும். மூன்று வாரம்.

எண்கள் ஒன்றோடொன்று அப்படிப் பொருந்தின. இடமும் வலமும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாலும் கூட்டினால் ஒரே தொகை. நான் எந்தக் கட்டுரையிலும் இப்படிப் பார்த்ததில்லை. பேராசிரியர் தாளை என் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை படித்தார்.

"அருமையான மூக்கு. எனக்கே இப்படி இல்ல. அடைப்பா? இதுல மாட்டு வண்டி போகும்."

அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். மேட்டுத் தெருவில். அடைப்பு இல்லை. அப்படியென்றால் திமிர். அப்படியென்றால் நீங்கள் வரமாட்டீர்கள். கருவி சரியாக வேலை செய்தால் மகிழ வேண்டியவள் நான். மகிழவில்லை. அறிக்கையைத் தட்டச்சு செய்து முடித்தேன். முத்திரை மட்டும் மீதி.

*

முத்திரைக்காக மறுநாள் காலை சீக்கிரம் போனேன். மாமா முடிவைக் கேட்க எனக்கு முன்பே வந்திருந்தார். நடைபாதையின் கடைசியில், ஜன்னலருகே, எனக்கு முதுகு காட்டி நின்றார். தலை பின்னால் சாய்ந்திருந்தது. கை மேலே. பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்தேன். ஜூன் மாதம், புனித அந்தோணியார் மாதம், பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பவர். மனசு இளகிவிட்டது.

பிறகு அவர் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மாமா, என்ன அது?"

"எது?"

"கையில."

"இதுவா? சொட்டு."

அந்தச் சின்ன பிளாஸ்டிக் குப்பி. அத்தை, உங்களுக்குத் தெரியும், எல்லோர் வீட்டிலும் இருப்பது. மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து. இரண்டு துளி, அரை நிமிடம், உலகமே திறந்துகொள்ளும்.

"எப்பத்திலேர்ந்து போடறீங்க?"

"சின்ன வயசுலேர்ந்து."

"இல்ல மாமா, இங்க வரும்போது?"

"தினமும்தான். ஏன்?"

"படிவத்துல மருந்து எதுவும் இல்லன்னு சொன்னீங்களே!"

"இது மருந்தாம்மா? இது சொட்டு. பர்ஸ், சாவி, சொட்டு. இதைப் போய் யாராவது மருந்துன்னு எழுதுவாங்களா?"

"அளக்கறதுக்கு முன்னாடி ஏன் போட்டீங்க?"

அவர் உண்மையாகவே புண்பட்டுவிட்டார். "டாக்டர்கிட்ட அடைச்ச மூக்கோடவா போறது? நீ பல் டாக்டர்கிட்ட பல்லு தேய்க்காம போவியா? நல்ல வேளை, அரைமணி நேரம் உக்கார வெச்சீங்க. அதுக்குள்ள நல்லா வேலை செஞ்சுடும்."

மூன்று வாரம். மூன்று கருவிகள். பதினெட்டு அளவுகள். நாங்கள் அளந்தது மாமாவின் மூக்கை அல்ல. குப்பியை. மிகத் துல்லியமாக.

பேராசிரியரிடம் ஓடினேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மெஷின் பொய் சொல்லல, ஜுசாரா. திரும்பத் திரும்ப ஒரே உண்மையைத்தான் சொல்லியிருக்கு. நாமதான் வேற கேள்வி கேட்டோம்." பிறகு சற்று யோசித்து, "உன் ஆய்வுல மத்த நாப்பது பேரு?" என்றார்.

அன்று மதியம் முழுக்க நாற்பது பேருக்குத் தொலைபேசினேன். "நீங்கள் வருவதற்கு முன் மூக்கில் சொட்டு போட்டீர்களா?" என்று. இருபத்தாறு பேர் போட்டிருந்தார்கள். இருபத்தாறு பேரும் ஒரே தொனியில், குளித்தீர்களா என்று கேட்டதுபோல, "பின்ன?" என்றார்கள். ஓர் அம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், எங்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று.

பேராசிரியருக்குச் செய்தியைச் சொல்லப் போனபோது அவர் மேசை இழுப்பறையை அவசரமாக மூடினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

என் பைக்குள் பேனா தேடினேன். பேனா இருந்தது. பேனாவுக்குப் பக்கத்தில் என் குப்பி இருந்தது. ஒவ்வொரு காலையும் பேருந்திலிருந்து இறங்கும்போது போடுவேன். ஒருமுறைகூட அதைப் போடுவதாக நினைத்துப் போட்டதில்லை. ஆடாது அசையாது நின்ற என் மூக்கு.



*

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் மாமாவுக்கு அது நீண்ட பத்து நாள். சொட்டை நிறுத்தச் சொன்னார் பேராசிரியர். நிறுத்தினால் முதலில் அடைப்பு இரண்டு மடங்காகும், பிறகுதான் மூக்கின் உண்மையான நிலை தெரியும். உங்கள் வீட்டுக்குப் போய்க் குப்பிகளைத் திரட்டினேன். ஏழு. சட்டைப்பை, தலையணை உறை, கார், கருவிப்பெட்டி, குளியலறையில் இரண்டு, அந்தோணியார் சிலைக்குப் பின்னால் ஒன்று. (சிலையைத் துடைத்து வைத்தேன். தூசி அதிகம். வீடு ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரே தட்டு, ஒரே டம்ளர் கழுவி வைக்கப்பட்டிருக்கிறது.)

மூன்றாம் நாள் தொலைபேசியில் பேசினார். அவர் குரல் ஒரு வாளிக்குள்ளிருந்து வந்தது. "ஜுசாரா, நீ எனக்கு என்னம்மா ஆகணும்? மருமகளா, போலீஸா?" ஐந்தாம் நாள் பக்கத்துத் தெருவில் ஜூன் திருவிழாவுக்குத் தீ மூட்டினார்கள். புகை. ஆறாம் நாள், "என்னைப் பெத்தவ என்னை வாயால மூச்சுவிடவே பெத்திருக்கா" என்றார். எட்டாம் நாள் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பதினோராம் நாள் அளந்தோம். அதே வெள்ளைச் சட்டை. வாஸலின். அரைமணி நேரம். இடது பக்கம் கோடு தரையோடு படுத்திருந்தது. வலது பக்கம் முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் காலையும் மாலையும் அதே. மாமா இடையில் ஒரு மெந்தால் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, "ஆகா! தெறந்துடுச்சு! ஜில்லுனு போகுது, இப்ப அளந்து பாரு!" என்றார். அளந்தேன். ஒரு புள்ளிகூட நகரவில்லை.

"என் மூக்கு எனக்குத் தெரியாதா? காத்து போகுதுங்கறேன்!"

"குளிர் போகுது ஐயா" என்றார் பேராசிரியர். "காத்து போகல."

பிறகு விளக்கு வைத்து உள்ளே பார்த்தார். நடுச்சுவர் இடப்பக்கமாக நன்றாக வளைந்திருக்கிறது. அந்தப் பேருந்துக் கதவு. சொட்டு அதை முப்பது வருடம் மறைத்துவைத்திருக்கிறது.

ஆக, அத்தை: அடைப்பு. உண்மையான அடைப்பு. மூன்று கருவிகளும் முதல்முறையாக ஒத்துக்கொண்டன, அந்த உலோகத் தகடு உட்பட. நீங்கள் சொன்ன சொல்லின்படி இது நோய். திமிர் அல்ல. அறிக்கை இத்துடன் இருக்கிறது. பேராசிரியரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் வரலாம். பார்பசேனாவிலிருந்து காலை ஏழரைக்கு ஒரு பேருந்து, பதினொன்றுக்கு ஒன்று. மாமாவுக்கு இரண்டின் ஓட்டுநரையும் தெரியும்; எவர் மெதுவாக ஓட்டுவார் என்று கேட்டால் சொல்வார். நீங்கள் கேட்கவேண்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அளக்கவில்லை. நினைக்கிறேன்.

முழங்காலைக் குளிரில் காட்டாதீர்கள். சின்னத்தைக்கு என் அன்பு. அவருடைய கொய்யா இனிப்பில் ஒரு துண்டு கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கடவுள் உங்கள் இருவரையும், கோழிகளையும், காக்கட்டும். மறுபடியும் ஆசி கேட்கிறேன்.

உங்கள் தம்பி மகள்,
ஜுசாரா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன். பிரித்துத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று மதியம் சேலியா சின்னத்தை கிளினிக்குக்குத் தொலைபேசினார். நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்களாம்.

"ஜுசாரா, உங்க மெஷின்ல பொம்பளைங்களையும் அளப்பீங்களா?"

"அளப்போம் சின்னத்தை. உங்களுக்கா?"

"எனக்கு எதுக்கு? உன் பெரியத்தைக்கு. அஞ்சு வாரமா நான் கோழிக் கூண்டுப் பக்கத்து ரூம்ல படுக்கறேன். கோழிங்க எவ்வளவோ தேவலை."

"அத்தையா குறட்டை விடறாங்க?"

"குறட்டையா அது? லாரி மேடேறுது. அந்தச் சத்தத்துல அவளே முழிச்சுக்கறா. முழிச்சு, சுவத்தை ஒரு உதை உதைச்சு, 'அனீசியோ, திரும்பிப் படு!'ன்னு ஒரு கத்து கத்திட்டு, திரும்பத் தூங்கிடறா. நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கற மனுஷன் எப்படிம்மா திரும்பிப் படுப்பான்?"

அத்தை, நான் ஐந்து வாரமாக மூன்று கருவிகளைச் சோதித்தேன். குறட்டையைக் கேட்டவர் யார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மேலே எழுதிய எதையும் இப்போது எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவின் மூக்கு அடைத்திருக்கிறது. அது மட்டும் நிச்சயம். அதற்கும் உங்கள் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது நிச்சயமில்லை.

மாமா காவலாளியோடு வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"மாமா, அத்தை குறட்டை விடுவாங்களா?"

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு சொன்னா?"

"சின்னத்தை."

"ம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான ரெண்டாவது வாரத்துலேர்ந்து தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நானும்தான் விடறேன்மா. வீட்ல ஒருத்தர் விடறதா வெச்சுக்கிட்டா போதாதா?" பிறகு, "கடுதாசில எழுதிடாத. இருபத்தொம்பது வருஷம் வாங்கின திட்டெல்லாம் வீணாப் போயிடும்" என்றார். பிறகு, "இனிமே அவ எதுக்கு அங்க இருக்கணும்?" என்றார்.

எழுதிவிட்டேன். மன்னிக்கவும், இருவரும்.

சின்னத்தையைத் திரும்ப அழைத்து, உங்களைச் செவ்வாய்க்கிழமை ஏழரைப் பேருந்தில் ஏற்றிவிடச் சொன்னேன். கிளினிக்கில் அன்று அளக்கவேண்டியவர்களின் பட்டியலை எடுத்து, பத்து மணிக்கு மாமாவின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரை எழுதினேன்.